குறுக்கே பேசு: எங்கள் முதல் ஆல்பம்

அவைக்குத் தலைமையேற்று, அந்தப் பெரிய நாற்காலியில் கொஞ்சம் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் எங்கள் பேருந்துப் பணிமனை மேலாளர் ஐயா அவர்களே! இந்த ஒரு மாலைக்கு எனக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு, என் வண்டியை ஒழுங்காக ஓட்டுகிறார்களா என்று நிமிடத்துக்கொரு முறை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருந்தகையே! எட்டு ஆண்டுகளாக மேல்மாடியில் நாங்கள் எழுப்பிய ஓசையையெல்லாம் கீழ்மாடியில் பொறுத்துக்கொண்ட பேக்கரி அம்மா அவர்களே! முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "இவ என்ன உளறப் போறாளோ" என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் என் மாமியார் அவர்களே! என்னைப் பெற்றவர்கள் வயதிலுள்ள பெரியோர்களே, எனக்குப் பாட்டுக் கற்றுத்தராவிட்டாலும் பாடவேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாத தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கிறவர்களே, கிடைத்தும் உட்கார மனமில்லாமல் நிற்கிறவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்குப் பிரேக் பிடிக்காது. ஒரு பேருந்து ஓட்டுநர் மேடையில் சொல்லக்கூடாத வாக்கியம் இது. மேலாளர் ஐயா மன்னிக்க வேண்டும்.

இன்று வெளியாகும் ஆல்பத்தின் பெயரை வாசலில் பார்த்திருப்பீர்கள். "குறுக்கே பேசு." உள்ளே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஏம்மா, குறுக்கே பேசாதேன்னுதானே இருக்கணும்? அச்சடிக்கிறவன் தப்புப் பண்ணிட்டானா?" அச்சடித்தவர் தப்புப் பண்ணவில்லை ஐயா. அந்தப் பெயருக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, ஒரு கடல் இருக்கிறது, ஒரு சண்டை இருக்கிறது. சொல்லட்டுமா?

(என்ன, சண்டையை முதலில் சொல்லவேண்டுமா? பொறுங்கள் அண்ணே. பாட்டுக்கு முன்னால் சுருதி சேர்க்க வேண்டாமா?)

நாங்கள் ஆறு பேர். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர் டிரம்பெட் ஊதுகிறார். அடுப்பின் அனலை இருபது ஆண்டுகள் ஊதிய நெஞ்சு அது. பல் மருத்துவர் அம்மா ஆர்கன் வாசிக்கிறார். லிஃப்ட் பழுதுபார்க்கும் அண்ணன் கிட்டார். தையற்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் பேஸ் கிட்டார். பாடுகிறவள் நான். டிரம்ஸ் அடிக்கிறவர் என் வீட்டுக்காரர். நாங்கள் வாசிப்பது ஃபங்க், நாங்கள் பாடுவது சோல், அடிநெஞ்சிலிருந்து உருகிப் பாடும் பாட்டு. "அது என்னம்மா ஃபங்க்?" என்று பேருந்தில் கேட்பவர்களுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். மாடிப்படியில் ஆறு பேர் கைகோத்து இறங்கும்போது, முதல் படியில் ஆறு பேர் காலும் ஒரே நேரத்தில் விழவேண்டும். ஒருவர் கால் பிந்தினாலும் ஆறு பேரும் உருளவேண்டியதுதான். அந்த முதல் படிதான் முதல் தட்டு. ஒன்று! அந்த ஒன்றில் எல்லோரும் ஒன்றானால் அது ஃபங்க்.

அந்த ஒன்றை எங்களுக்குக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். துணி ஆலையில் கொதிகலன் மெக்கானிக். கொதிகலன் பக்கத்திலேயே வேலை செய்து செய்து, உரக்கப் பேசுவது அவருக்குப் பழக்கம். பேருந்து இரைச்சலில் பேசிப் பேசி உரக்கப் பேசுவது எனக்கும் பழக்கம். எங்கள் வீட்டில் ஒருவர் பேச ஒருவர் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. இருவரும் சேர்ந்தே பேசுவோம். அவர் வாக்கியத்தை நான் முடிப்பேன். என் வாக்கியத்தை அவர் கெடுப்பார். என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டு, "ஒரே வீட்டுல ரெண்டு ரேடியோ, ரெண்டும் வேற வேற ஸ்டேஷன்" என்பார். ஆனால் மேல்மாடி ஒத்திகையில் உட்கார்ந்துவிட்டால்? நான் ஒரு வரியை எங்கே இழுப்பேன், எங்கே நிறுத்துவேன் என்று எனக்கே தெரியாது. அவர் கைக்குத் தெரியும். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் அவர் தட்டு வந்து நிற்கும்.

ஒருநாள் ஆலையை மூடிவிட்டார்கள். நான்கு மாதம் வேலை தேடினார். கடைசியில் வந்தது கப்பல் வேலை. எஞ்சின் அறை மெக்கானிக்.

"ஒரே வருஷம்" என்றார்.

"ஒரே வருஷம்தானே" என்றேன் நானும், அதே நேரத்தில்.

ஒரு வருஷம் இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. பெரியோர்களே, தாய்மார்களே, தொலைவில் இருப்பவருக்காகக் காத்திருந்ததுண்டா நீங்கள்? இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்ததுண்டா? சட்டைகளை வெயிலில் காயப்போட்டு, யாரும் உடுத்தாமலே மடித்து வைத்ததுண்டா? பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடியில் நடந்துபோகும் ஒரு முதுகைப் பார்த்து, அவர்தானோ என்று நினைத்து, அவராக இருக்கவே முடியாது என்று தெரிந்தும், அந்த முதுகு திரும்பும்வரை பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியாமல் பார்த்தேன். பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத்தான் என்னைக் கூப்பிட்டன. (மேலாளர் ஐயா, அது ஒரே ஒரு முறை.)

கப்பலிலிருந்து வாரம் ஒருமுறை அழைப்பார். பணிமனையில் எனக்கு மதிய இடைவேளை, நடுக்கடலில் அவருக்கு வேலை முடியும் நேரம். ஆனால் அந்தப் பேச்சு நேராக வருவதில்லை. அவர் சொல்லும் சொல் வானத்தில் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி என் காதுக்கு வரவேண்டும். அதற்கு அரை விநாடி ஆகும். நான் சொல்வது அவரிடம் போக இன்னோர் அரை விநாடி. அரை விநாடி என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இருவரும் சேர்ந்து பேசியே பழகிய வாய்கள் அவை. நான் தொடங்குவேன், அவரும் தொடங்குவார். இருவர் பேச்சும் முட்டிக்கொண்டு வெட்டுப்படும். "என்ன சொன்னே?" "நீங்க சொல்லுங்க." "இல்ல, நீ சொல்லு." இப்படியே பாதி நேரம் போய்விடும். கடலின் தூரத்தைத் தாங்கிக்கொண்டேன் நண்பர்களே. கண்ணீரின் பாரத்தையும் தாங்கிக்கொண்டேன். அந்த அரை விநாடியைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை!

இசைக்குழு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேறொரு டிரம்ஸ்காரரை அழைத்துப் பார்த்தோம். நல்ல கை. அவர்மீது ஒரு குறையும் இல்லை. அவர் அடித்தார், நாங்கள் வாசித்தோம், அவ்வளவுதான் நடந்தது. பிறகு லிஃப்ட் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. கப்பலிலிருந்து என் வீட்டுக்காரரே தாளம் அடிக்கட்டும். போனை ஒலிபெருக்கியில் போட்டு நாம் வாசிப்போம் என்றார். எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு இவர் அடித்தார். மேல்மாடியில் நாங்கள் தொடங்கினோம். நான் கண்ணை மூடிப் பாடினேன். மூன்று ஆண்டுகளில் அவ்வளவு உருகி நான் பாடியதே இல்லை. கண்ணைத் திறந்தால் நான்கு பேரில் ஒருவரும் வாசிக்கவில்லை. எல்லோரும் கருவிகளிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார்தான் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, நீங்க எங்ககூடப் பாடல. அண்ணன்கூடப் பாடறீங்க. அண்ணன் தட்டு பிந்தித்தானே வருது? நீங்களும் எங்களுக்கு அரை விநாடி பிந்தி இருக்கீங்க."

அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த அறையில் என் உடம்பு இருக்கிறது. என் காலம் நடுக்கடலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நிலையில்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. இவருடைய கப்பல் நம் துறைமுகத்துக்கே சரக்கேற்ற வருகிறது, பத்தொன்பது நாள் விடுப்பு என்று. பத்தொன்பது நாள்! ஆடாத காலும் ஆடியது அன்று. எட்டு ஆண்டுகள் கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் கூடங்களிலும் ஊரார் பாட்டுகளைப் பாடியவர்கள், சொந்தமாக ஒன்பது பாட்டு வைத்திருந்தோம். ஆல்பம் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம். ஒலிப்பதிவாளரிடம் பேசினோம். அதோ நிற்கிறாரே, அவரை நாங்கள் "காது" என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த தெருவில் கதவு கிரீச்சிட்டால் எந்த வீட்டுக் கதவு என்று சொல்லிவிடுவார். பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றை ஸ்டுடியோவாக வைத்திருக்கிறார். ஆறு பேரும் ஒரே அறையில் நின்று, ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்வது என்று திட்டம்.

கப்பல் வந்தது. இவரும் வந்தார். இவருக்குப் பதிலாகக் கப்பலில் ஏறவேண்டியவர் நோயில் படுத்துவிட்டாராம். பத்தொன்பது நாள் மூன்று நாள் ஆயிற்று.

(ஆமாம் அம்மா. மூன்றே நாள். நீங்கள் "ஐயோ" என்றீர்களே, அதே குரலில்தான் நானும் சொன்னேன்.)

மூன்று நாளில் முதல் நாளைச் சொல்கிறேன். வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். உள்ளங்கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, கழுவினாலும் போகாத கறுப்பு. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "தண்ணி வேணுமா?" என்றேன். பதில் இல்லை. பிறகு, "ம், வேணும்." "கப்பல்ல தூக்கம் வருதா?" பதில் இல்லை. பிறகு, "வருது." என் மாமியார் காதைப் பொத்தவே இல்லை. எங்கள் வீட்டில் முதன்முறையாக ஒருவர் பேசினார், மற்றவர் கேட்டார், பிறகு அவர் பேசினார். எவ்வளவு மரியாதை! எவ்வளவு ஒழுங்கு! எனக்கு அழுகை வந்தது. யாரோ ஒரு விருந்தாளி என் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

ஸ்டுடியோவிலும் அதே கதைதான். முதல் நாள் முழுவதும் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. முதல் தட்டில் ஐந்து பேர் இறங்குவோம். இவர் ஒரு மயிரிழை பிந்தி இறங்குவார். படிக்கட்டில் ஆறு பேரும் உருண்டோம். காது கண்ணாடிக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை, மூன்றாவது முயற்சியும் கெட்டது. நான் மைக்கின் முன்னால் நின்றபடியே திரும்பினேன். இனி வருவதுதான் தொடக்கத்திலேயே அந்த அண்ணன் கேட்ட சண்டை.

"முதல் தட்டுல நீங்க எங்க போயிடறீங்க?"

பதில் இல்லை. பிறகு, "இங்கதானே இருக்கேன்."

"இதோ! இதைத்தான் சொல்றேன். எதைக் கேட்டாலும் யோசிச்சு யோசிச்சுத்தான் பதில் வருமா? தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட யோசனை. என்கிட்டப் பேசறதுக்கு அவ்வளவு யோசனையா?"

"யோசிக்கல." குச்சிகளை மடியில் வைத்தார். "நீ பேசி முடிச்சிட்டியான்னு பார்க்கறேன்."

"என்னது?"

"போன்ல நான் நடுவுல வாயைத் திறந்தா உன் பேச்சு வெட்டுப்படுது. ஒரு வார்த்தை போச்சுன்னா போனதுதான். அப்புறம் அடுத்த வாரம்தான் உன் குரலைக் கேட்பேன். மூணு வருஷமா அந்தப் பயம். நீ முழுசா முடிக்கிற வரைக்கும் மூச்சைக்கூடப் பிடிச்சுக்குவேன். அப்படியே பழகிடுச்சு. இப்ப விடத் தெரியல."

பெரியோர்களே, நான் கோபமாகத் திரும்பியவள். அவருக்கு அன்பு குறைந்துவிட்டது என்று முந்தைய நாள் முழுவதும் எனக்குள்ளேயே கணக்குப் போட்டுத் தீர்ப்பும் எழுதிவைத்தவள். என் ஒரு சொல்லையும் சிந்தவிடக்கூடாது என்று நடுக்கடலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை அல்லவா நான் சந்தேகப்பட்டேன்! என்ன செய்வேன்? அழவேண்டிய இடத்தில் எனக்குக் கத்தத்தான் வந்தது. "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. அத்தை, பொது இடத்தில் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

"இங்க எங்க போன் இருக்கு? நான் நேர்ல நிக்கறேன்! என்னை முடிக்க விடாதே! வெட்டு! குறுக்கே பேசு! எப்பவும் பேசுவியே, அந்த மாதிரி குறுக்கே..."

"அப்ப நீ மட்டும் என்ன? என் செருப்பைத் தூக்கிப் பரண்ல போட்டது யாரு? வந்ததுல இருந்து..."

"மூணு வருஷம் வாசல்ல வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன், தாங்கல, அதான் மேல..."

"சொல்லியிருந்தா நான் என்ன..."

"எப்படிச் சொல்றது, அரை விநாடி..."

இரண்டு ரேடியோவும் முழுச் சத்தத்தில்! யார் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் தெரியாது. நாத்தனார் சிரித்தாள். பேஸ் கிட்டாரைத் தூக்கி அந்தச் சண்டைக்கு அடியில் நான்கு சுரத்தைப் போட்டாள். இவர் பேச்சை நிறுத்தாமலே குச்சியை எடுத்தார். ஒன்று! ஆறு பேரும் ஒரே படியில் இறங்கினோம். என் முதுகுத்தண்டில் அந்தத் தட்டு விழுந்தது. மூன்று ஆண்டுகளாகத் தேடிய தட்டு அது. நான் திட்டிக்கொண்டே பாட்டுக்குள் போனேன். எங்கே திட்டு முடிந்தது, எங்கே பாட்டுத் தொடங்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் காதிடம் கேட்டோம்: "அண்ணே, பதிவு ஆச்சா?"

"நிறுத்தலாம்னு கை போச்சு" என்றார். "காது விடல."

அதுதான் ஆல்பத்தின் முதல் பாட்டு. சண்டையின் கடைசிச் சில சொற்களை அப்படியே விட்டிருக்கிறோம். செருப்பு விவகாரம் தெளிவாகக் கேட்கும். அன்று காலையிலிருந்து மாலைக்குள் எட்டுப் பாட்டுகளைப் பாடி முடித்தோம். ரொட்டிக்காரருக்கு உதடு வீங்கிவிட்டது. மருத்துவர் அம்மா ஆர்கனை விட்டு எழவே இல்லை.

ஒன்பதாவது பாட்டு மிச்சம். "அடுத்த நிறுத்தம்" என்று பெயர். இவர் இல்லாத நாள்களில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நான் கட்டிய பாட்டு. மூன்றாம் நாள் காலை அதை எடுப்பதாக இருந்தோம். விடிந்ததும் கப்பலிலிருந்து அழைப்பு. புறப்படும் நேரம் முன்னுக்கு வந்துவிட்டது. காலையில் மருத்துவப் பரிசோதனை, மதியம் மூன்று மணிக்குள் துறைமுகத்தில் இருக்கவேண்டும். எனக்கோ இரண்டு மணிக்குப் பணி. எடுத்த விடுப்பெல்லாம் பாட்டில் கரைந்துவிட்டது. என் வண்டி துறைமுகம் வழியாகத்தான் போகிறது.

ஆகவே, அன்பர்களே, என் கணவரை நானே கொண்டுபோய் விட்டேன். முதல் இருக்கையில், எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தலைக்கு மேல் பலகை: "ஓட்டுநரோடு பேசக்கூடாது." வழி முழுவதும் பேசினோம். இருவரும் சேர்ந்தே பேசினோம். பயணிகள் சிரித்தார்கள். துறைமுக நிறுத்தம் வந்தது. வெளியே நீண்ட வரிசை நிற்கிறது. நான் இருக்கையை விட்டு எழக்கூடாது. கையைப் பிடிக்கக்கூட நேரமில்லை. பையை எடுத்துக்கொண்டு முன்கதவில் இறங்கினார். திரும்பினார். "போயிட்டு..." என்று அவர் தொடங்கும்போதே "சீக்கிரம் வா" என்று நான் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. கதவை மூடினேன். மூடும் பொத்தானை அழுத்தியது என் விரல்தான்.

நான்காவது நிறுத்தத்தில் ஒரு பயணி அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, வெளிய மழையே இல்லையே, எதுக்கு வைப்பர் ஓடுது?" கண்ணாடிதான் மங்கியது என்று நினைத்துப் போட்டுவிட்டேன் போல.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆல்பம் வெளியிடுகிறவர்கள் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள்: ஒன்பதாவது பாட்டுக்கு ஒரு தாள இயந்திரத்தைப் போட்டு முடித்துவிடலாமே என்று. நாத்தனார் ஒரே சொல்லில் மறுத்தாள். இன்று உங்கள் கைக்கு வரும் ஆல்பத்தில் எட்டுப் பாட்டுகள்தாம் இருக்கின்றன. அவர் திரும்ப இன்னும் ஏழு மாதம் என்கிறார். "ஒரே வருஷம்" எப்படி மூன்றானது என்பதை நானும் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. உறுதி அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வாராவாரம் மதியம் அழைப்பு வருகிறது. அரை விநாடி அப்படியேதான் இருக்கிறது. நாங்கள்தாம் மாறிவிட்டோம். இப்போது காத்திருப்பதில்லை, இருவரும் சேர்ந்தே பேசுகிறோம். பாதிச் சொற்கள் வெட்டுப்பட்டுக் கடலில் விழுகின்றன. விழட்டுமே! முழுச் சொற்களோடு தூரத்தில் இருந்தோம். பாதிச் சொற்களோடு பக்கத்தில் இருக்கிறோம்.

இந்த அரங்கில் எத்தனை பேர் வீட்டில் எத்தனை செருப்புகள் பரணில் இருக்கின்றனவோ, எனக்குத் தெரியாது. எத்தனை தாய்மார்கள் போனில் பிள்ளை பேசி முடிக்கட்டும் என்று தங்கள் ஏக்கத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்களோ, தெரியாது. எத்தனை பேர் "நல்லா இருக்கேன்" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, போனை வைத்தபின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களோ, தெரியாது. விழுங்காதீர்கள்! காத்திருக்காதீர்கள்! அழைப்பு வந்தால் குறுக்கே பேசுங்கள்! நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று, அவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நடுவில் புகுந்து சொல்லுங்கள்!

அத்தை அழுகிறார். யாராவது ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள்.

எங்களை நம்பிக் கதவு திறந்த காது அண்ணனுக்கும், மேல்மாடியைத் தந்த பேக்கரி அம்மாவுக்கும், தலைமையேற்ற மேலாளர் ஐயாவுக்கும், வாசலில் அச்சுப் பிழை கண்டுபிடித்த பெரியவருக்கும், உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நான் பேசியது போதும். இப்போது ஒன்பதாவது பாட்டைப் பாடப்போகிறோம். மேடையில் டிரம்ஸ் இருக்கிறது, பார்க்கிறீர்கள். அதன் பின்னால் யாரும் உட்காரப் போவதில்லை. தாளம் நீங்கள்தாம் அடிக்கவேண்டும். நான்கு எண்ணுவேன். இரண்டிலும் நான்கிலும் கை தட்டுங்கள். எங்கே, ஒருமுறை பார்ப்போம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அருமை! மேலாளர் ஐயா, நீங்கள் மூன்றில் தட்டுகிறீர்கள். அத்தை, நேர் எதிரேதானே இருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்.

காது அண்ணன் இதைப் பதிவு செய்து கப்பலுக்கு அனுப்புவார். அதைக் கேட்டபடியே அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் அடிப்பார். ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். முதல் தட்டில் மட்டும் யாரும் கை தட்டாதீர்கள். நாங்களும் வாசிக்கமாட்டோம். அந்த ஒன்றைச் சும்மா விட்டுவையுங்கள். அது அவருடையது.

வந்திருப்பவர்களுக்கும், வரமுடியாமல் எங்கோ இருப்பவர்களுக்கும், வணக்கம்!